சதவீத மாற்றக் கணக்கு: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது, யாரிடம் எதைக் கேட்பது

2022 மே 24 அன்று ஒக்டேன் 92 பெற்றோல் ஒரு லீற்றர் 338 ரூபாவிலிருந்து 420 ரூபாவானது. எத்தனை சதவீத அதிகரிப்பு? தரம் 10 வகுப்பொன்றில் இதைக் கேட்டால் இரண்டு விடைகள் வரும். சிலர் 24.3% என்பார்கள், சிலர் 19.5% என்பார்கள். இரு பக்கமும் கழித்தல் சரி: 420 − 338 = 82. வகுத்தலும் சரி. ஒரு பக்கம் 82 ஐ 338 ஆல் வகுத்தது, மற்றப் பக்கம் 420 ஆல் வகுத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சதவீத மாற்றத்தில் பிள்ளைகள் புள்ளிகளை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான். எந்த எண்ணை 100% என்று வைப்பது என்று தீர்மானிக்காமலே பேனை ஓடத் தொடங்கிவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை எப்படி எடுப்பது, எடுத்த பிறகு சமன்பாட்டை எப்படி எழுதுவது, அப்படியும் விளங்காவிட்டால் கொழும்பில் யாரிடம் எதைக் கொண்டுபோய்க் கேட்பது என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். தெரியாத எண்ணுக்கு ‘ப’ என்று எழுதுகிறோம். வகுப்பில் எக்ஸ் என்று எழுதுவதும் இதுவும் ஒன்றே.

முதலில் ஐந்து கணக்கு

வாசிக்கும் முன் கொப்பியில் இவற்றைச் செய்து பாருங்கள். கல்குலேட்டர் வேண்டாம், பத்து நிமிடம் போதும்.

1. 3/8 ஐச் சதவீதமாக எழுதுக.
2. 240 இன் 35% என்ன?
3. 80 ரூபா பொருள் 92 ரூபாவானது. எத்தனை சதவீத அதிகரிப்பு?
4. 20% கழிவின் பின் விலை 960 ரூபா. கழிவுக்கு முன் விலை என்ன?
5. ஒரு விலை 10% கூடி, பிறகு 10% குறைந்தது. முடிவில் என்ன மாற்றம்?

விடைகள்: 37.5%, 84, 15%, 1,200 ரூபா, 1% குறைவு.

முதல் இரண்டில் பிழைத்திருந்தால் தடங்கல் சதவீத மாற்றத்தில் இல்லை, பின்னத்திலும் தசமத்திலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் எந்த விளக்கமும் ஒட்டாது. கீழ்வகுப்புப் பாடநூலை எடுத்துப் பின்னம், தசமம் இரண்டையும் ஒரு கிழமை செய்யுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. மூன்றாவது பிழைத்தால் 100% எது என்ற தீர்மானம் தெளிவில்லை. நான்காவது பிழைத்தால் பின்னோக்கிப் போகும் கணக்கு விளங்கவில்லை. சோதனைகளில் அதிகம் பேர் விழுவது இங்கே. ஐந்தாவது பிழைத்தால் சதவீதங்களை நேரே கூட்டிக் கழிக்கும் பழக்கம் இருக்கிறது.

100% எது? உருபைப் பாருங்கள்

மாற்றம் என்று வந்தால் பழைய பெறுமானமே 100%. முன்பு இருந்தது எதுவோ அதனால்தான் வகுக்க வேண்டும். ‘பழையது சிறியது, புதியது பெரியது’ என்று மனதில் பதிந்துபோன பிள்ளை, விலை குறையும் கணக்கில் சிறிய எண்ணால் வகுத்துவிடும். 470 ரூபா 450 ரூபாவாகக் குறைந்தால் 20 ஐ 470 ஆல் வகுக்க வேண்டும், 4.26% வரும். காலத்தால் முந்தியது எது என்று கேளுங்கள். அளவைப் பார்க்காதீர்கள்.

காலமே இல்லாத ஒப்பீடுகளும் வரும். அங்கேதான் தமிழ் வசனம் கை கொடுக்கிறது. வினாவில் உள்ள வேற்றுமை உருபுகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

‘ஐ விட’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பது 100%. ‘கமலாவின் சம்பளம் ரவியின் சம்பளத்தை விட 25% கூட’ என்றால் ரவியின் சம்பளம் 100%, கமலாவினது 125%. இதையே திருப்பி, ரவியின் சம்பளம் கமலாவினதை விட எத்தனை சதவீதம் குறைவு என்று கேட்டால் 100% இடம் மாறிவிடுகிறது. இப்போது 25 ஐ 125 ஆல் வகுக்க வேண்டும், விடை 20%. பலர் 25 என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள்.

‘இன்’ என்ற உருபுக்கு முன்னால் நிற்பதும் 100%. கொள்விலையின் 30% என்றால் கொள்விலை, விற்றவிலையின் 30% என்றால் விற்றவிலை. ‘இலாபம் 30%’ என்று மொட்டையாக வந்தால் பாடசாலைக் கணக்கில் அது கொள்விலையின் சதவீதம். ‘கழிவு 30%’ என்று மொட்டையாக வந்தால் குறித்த விலையின் சதவீதம். இந்த இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே கணக்கில் இரண்டும் சேர்ந்து வரும்.

கடைசியாக, மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இரண்டு: ‘ஆல்’, ‘ஆக’. உற்பத்தி 20 சதவீதத்தால் குறைந்தது என்றால் மிச்சம் 80%. உற்பத்தி 20 சதவீதமாகக் குறைந்தது என்றால் மிச்சமே 20% தான். ஒரு எழுத்து மாறினால் விடை நாலு மடங்கு மாறுகிறது. செய்திகளில் இவை அடிக்கடி ஒன்றுக்குப் பதில் மற்றது எழுதப்படுவதால் காது பழகிப்போய்விட்டது. வினாத்தாளில் அப்படி வாசிக்கக் கூடாது. அதுபோல, 3 மடங்காகியது என்றால் 200% அதிகரிப்பு. 300% என்று எழுதுவது பிழை. 100% அதிகரித்தால்தான் இரு மடங்கு.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பழைய பெறுமானம் பூச்சியமாகவோ மறை எண்ணாகவோ இருந்தால் சதவீத மாற்றம் என்ற பேச்சுக்குப் பொருள் இல்லை. போன மாதம் 20,000 ரூபா நட்டம், இந்த மாதம் 10,000 ரூபா இலாபம் என்றால் சூத்திரம் −150% என்று ஏதோ தரும். நிலைமை நல்லதாகியிருக்க, விடை குறைந்ததாகச் சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ரூபாவில் மட்டும் மாற்றத்தைச் சொல்லுங்கள்.

பெருக்கும் எண்

கூட்டிக் கழித்துப் படிப்படியாகச் செய்யும் முறை கீழ்வகுப்புக்குப் போதும். அட்சரகணிதத்துக்கு வந்தபின் எந்தச் சதவீத மாற்றத்தையும் ஒரே ஒரு பெருக்கும் எண்ணாக எழுதப் பழக வேண்டும். 18% கூடினால் ×1.18. 18% குறைந்தால் ×0.82. 12.5% குறைந்தால் ×0.875. 150% கூடினால் ×2.5. ‘பழையது × பெருக்கும் எண் = புதியது’ என்ற ஒரே வரிதான் முழுப் பாடமும். மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிடும்.

இங்கே கை தவறும் இடம் ஒற்றை இலக்கச் சதவீதம். 7% கூடினால் 1.07. அவசரத்தில் 1.7 என்று எழுதினால் அது 70% அதிகரிப்பு. அரை சதவீதம் கூடினால் 1.005. 100 ஆல் வகுக்கும்போது தசமப்புள்ளி இரண்டு இடம் நகர வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் எழுதிப் பாருங்கள்: 7 → 0.07 → 1.07.

பெற்றோல் கணக்கை இப்படிச் செய்தால்: 420 ÷ 338 = 1.2426. ஒன்றைக் கழித்தால் 0.2426, அதாவது 24.26%. இரு விலைகளையும் முதலில் கழிக்கத் தேவைப்படவில்லை. விடை ஒன்றுக்குக் கீழே வந்தால், உதாரணமாக 450 ÷ 470 = 0.9574, அது குறைவு. ஒன்றிலிருந்து கழித்தால் 4.26%.

எழுதிய விடையை நம்புமுன் மனக்கணக்கால் ஒருமுறை உரசிப் பாருங்கள். 338 இன் 25% என்பது 84.50. கூடிய தொகை 82, அதற்குச் சற்றுக் குறைய. ஆகவே விடை 25 க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். 19.5 என்று வந்திருந்தால் இந்த உரசலில் அகப்பட்டிருக்கும். சாதாரண தரக் கணிதத்துக்குக் கல்குலேட்டர் கொண்டுபோக முடியாது என்பதால் இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். 12½% என்பது 1/8, 16⅔% என்பது 1/6, 33⅓% என்பது 1/3 என்று சில பின்னங்கள் கையில் இருந்தால் பாதி வேலை குறையும்.

பின்னோக்கிப் போகும் கணக்கு

புறக்கோட்டைக் கடையொன்றில் பாடசாலைப் பை ஒன்று 15% கழிவின் பின் 3,570 ரூபா. குறித்த விலை என்ன?

பிழையான வழி மிக இயல்பாக வருகிறது: 15% குறைத்தார்கள், ஆகவே 15% ஐத் திருப்பிக் கூட்டுவோம். 3,570 இன் 15% = 535.50. கூட்டினால் 4,105.50. பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பிழை. சோதித்துப் பாருங்கள்: 4,105.50 க்கு 15% கழிவு கொடுத்தால் 3,489.68 தான் வரும், 3,570 வராது.

ஏன்? கடைக்காரர் குறைத்தது குறித்த விலையின் 15%. நாம் கூட்டியது குறைந்த விலையின் 15%. இரண்டும் ‘15%’ என்று ஒரே பெயரில் நின்றாலும் இரண்டு வேறு தொகைகள், ஏனென்றால் அவற்றின் 100% வேறு. இந்த ஒரு விடயம் மனதில் இறங்கிவிட்டால் மிச்சமெல்லாம் இலேசு. இறங்கும்வரை மேலே போக வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

சரியான வழியை எழுதுவோம். குறித்த விலை ப. 15% போனபின் மிச்சம் 85%.

0.85ப = 3,570
ப = 3,570 ÷ 0.85 = 4,200 ரூபா

தசமத்தால் வகுப்பது கடினம் என்றால் ஒற்றைச் சதவீத முறை: 85% = 3,570. இரு பக்கத்தையும் 17 ஆல் வகுத்தால் 5% = 210. இரு பக்கத்தையும் 20 ஆல் பெருக்கினால் 100% = 4,200. கொப்பியில் இந்த மூன்று வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, சமக்குறிகள் நேராக வரும்படி எழுதுங்கள். இடப்பக்கம் முழுவதும் சதவீதம், வலப்பக்கம் முழுவதும் ரூபா. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதும் பிள்ளைதான் ‘ப − 15% = 3,570’ என்ற வரியில் மாட்டிக்கொள்கிறது. அந்த வரியில் 15% எதன் 15% என்று சொல்லப்படவில்லை. ‘ப − 0.15ப = 3,570’ என்று எழுதினால் அது தானாகவே 0.85ப ஆகிவிடும்.

இதே கணக்கு பெறுமதி சேர் வரியாகவும் வரும். ‘வற்’ என்று எல்லாரும் சொல்லும் இந்த வரி 2024 ஜனவரி 1 முதல் 18%. வற் உள்ளடங்கலாக ஒரு பில் 5,900 ரூபா என்றால் வரி எவ்வளவு? 5,900 இன் 18% என்று எடுத்தால் 1,062 வரும், அது பிழை. வரி போடப்பட்டது வரிக்கு முந்திய தொகையின்மேல். ஆகவே 118% = 5,900. 1% = 50. வரிக்கு முன் 5,000, வரி 900. வீட்டில் கிடக்கும் வற் பில் ஒன்றை எடுத்து மொத்தத்தை மட்டும் பார்த்து வரியைக் கண்டுபிடித்துவிட்டு, பில்லில் அச்சிட்டிருக்கும் தொகையோடு ஒப்பிடுங்கள். பில்லில் வேறு வரியோ சேவைக் கட்டணமோ கலந்திருந்தால் அதை விட்டு எளிய பில் ஒன்றைத் தேடுங்கள்.

முன்னோக்கியா பின்னோக்கியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தரப்பட்ட ரூபாத் தொகை மாற்றத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள். முந்தியது என்றால் பெருக்குங்கள். பிந்தியது என்றால் வகுங்கள். வினாவில் ‘இப்போது’, ‘கழிவின் பின்’, ‘உள்ளடங்கலாக’, ‘செலுத்திய தொகை’ என்ற சொற்கள் இருந்தால் பெரும்பாலும் பிந்தியது.

கூடியதும் குறைந்ததும் ஏன் சமமில்லை

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் சுமார் 360 ரூபா. டொலரின் விலை 80% கூடியது: 160 ÷ 200. அப்படியென்றால் ரூபாவின் பெறுமதி 80% விழுந்ததா? இல்லை. முன்பு ஒரு ரூபாவுக்கு 1/200 டொலர், பின்பு 1/360 டொலர். 200 ÷ 360 = 0.556, ஆகவே விழுந்தது 44.4%. இரண்டு எண்களும் உண்மை. ஒன்றில் டொலர் 100%, மற்றதில் ரூபா 100%.

பின்னமாக எழுதினால் இதற்கு ஓர் அழகான குறுக்குவழி உண்டு. கூடியது 4/5. திரும்பிப் பழைய இடத்துக்கு வர 4/9 குறைய வேண்டும். தொகுதியெண் அப்படியே நிற்க, பகுதியெண்ணோடு தொகுதியெண்ணைக் கூட்டினால் போதும். 1/4 கூடினால் 1/5 குறைய வேண்டும். 1/2 கூடினால் 1/3 குறைய வேண்டும். குறைந்ததிலிருந்து திரும்பி ஏறுவதற்குப் பகுதியெண்ணிலிருந்து தொகுதியெண்ணைக் கழிக்க வேண்டும்: 1/5 குறைந்தால் 1/4 கூட வேண்டும்.

அடுத்தடுத்து வரும் மாற்றம்

ஒக்டேன் 92 பெற்றோலின் 2022 விலைகளை வரிசையாக எழுதுவோம்: 177, மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூனில் 470. ஒவ்வொரு படியின் அதிகரிப்பு 43.5%, 33.1%, 24.3%, 11.9%. கூட்டினால் 112.8%. ஆனால் 177 இலிருந்து 470 க்கு உண்மையான அதிகரிப்பு 293 ÷ 177, அதாவது 165.5%. ஏறத்தாழ 53 எங்கே போனது? ஒவ்வொரு படியிலும் 100% வளர்ந்துகொண்டே போனது. சதவீதங்களைக் கூட்டியது வெவ்வேறு அடிகோலால் அளந்த நீளங்களைக் கூட்டியது போல. பெருக்கும் எண்களைப் பெருக்குங்கள்: 1.435 × 1.331 × 1.243 × 1.119 ≈ 2.66. சரியாக வந்துவிடும்.

இதே வரிசையில் இன்னொன்றையும் பாருங்கள். ஏப்ரலில் கூடியது 84 ரூபா, மே மாதம் கூடியது 82 ரூபா. பணப்பையில் கிட்டத்தட்ட ஒரே இடி. சதவீதத்திலோ 33 உம் 24 உம். அடி பெரிதாகிவிட்டதால் அதே தொகை சிறிய சதவீதமாகத் தெரிகிறது.

கடையில் 20% கழிவு, அதன்மேல் இன்னுமொரு 10% கழிவு என்றால் 30% இல்லை. 0.8 × 0.9 = 0.72, ஆகவே 28%. பரப்பளவும் இப்படித்தான்: நீளம் 20% கூடி அகலம் 10% குறைந்தால் 1.2 × 0.9 = 1.08, பரப்பளவு 8% கூடும். எது முதலில் என்பது முக்கியமில்லை, பெருக்கலில் ஒழுங்கு மாறினாலும் விடை மாறாது.

சமன்பாடு எழுதும் கணக்குகள்

‘வியாபாரி ஒருவர் கொள்விலைக்கு மேல் 40% கூட்டி விலை குறித்து, 15% கழிவு கொடுத்து விற்றபின் 1,140 ரூபா இலாபம் பெற்றார். கொள்விலை என்ன?’

கொள்விலை ப. குறித்த விலை 1.4ப. விற்றவிலை 1.4ப × 0.85 = 1.19ப. இலாபம் 0.19ப = 1,140. ப = 6,000 ரூபா. சரிபார்ப்பு: குறித்த விலை 8,400, கழிவு 1,260, விற்றவிலை 7,140, இலாபம் 1,140. பிழை எங்கே நடக்கும்? 40 − 15 = 25 என்று எடுத்து 0.25ப = 1,140 என்று எழுதுவதில். அப்படிச் செய்தால் 4,560 வரும். 40% கொள்விலையின்மேல், 15% குறித்த விலையின்மேல். கழிக்கக் கூடாதவற்றைக் கழித்திருக்கிறோம்.

இரண்டு கூட்டம் சேரும் கணக்கு இன்னொரு வகை. ‘ஒரு பாடசாலையில் 600 மாணவர். அடுத்த ஆண்டு ஆண்கள் 10% கூடிப் பெண்கள் 5% குறைந்து மொத்தம் 624 ஆனது. முதலில் ஆண்கள் எத்தனை?’ முழுத் தொகையை எழுதி 1.1, 0.95 என்று இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் மாற்றத்தை மட்டும் எழுதினால் சிறிய எண்களோடு முடியும். ஆண்கள் ப, பெண்கள் 600 − ப.

0.10ப − 0.05(600 − ப) = 24
0.10ப − 30 + 0.05ப = 24
0.15ப = 54
ப = 360

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். அடைப்பை விரிக்கும்போது மறைக்குறி உள்ளே போய் +0.05ப ஆகிறது. இந்தக் குறியில் பிழைத்தால் 0.05ப = 54 என்று வந்து ப = 1,080 ஆகும். 600 பேர் பாடசாலையில் 1,080 ஆண்கள். விடையை வினாவோடு ஒருமுறை பொருத்திப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும்.

இருபடிச் சமன்பாட்டுக்கும் சதவீதம் வரும். ஒரு விலை ஏதோ ஒரு சதவீதம் கூடி, அதே சதவீதம் குறைந்து, முடிவில் 4% குறைந்திருந்தது என்றால், அந்தச் சதவீதத்தின் தசம வடிவத்தை க என்போம். (1 + க)(1 − க) = 0.96. 1 − க² = 0.96. க² = 0.04. க = 0.2, அதாவது 20%. சதவீதத்தை முதலிலேயே தசமமாக எடுத்தால் 100 கள் குறுக்கே வராது. விடையை எழுதும்போது மட்டும் 100 ஆல் பெருக்க மறக்காதீர்கள்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும்

வற் 15% இலிருந்து 18% ஆனபோது கூடியது 3%? 20%? 2.6%? மூன்றும் மூன்று கேள்விக்கு விடை. வரிவீதம் கூடியது 3 சதவீதப் புள்ளிகள். வரியாகக் கட்டும் தொகை கூடியது 20%, ஏனென்றால் 3 ÷ 15. கடையில் மொத்தமாகக் கொடுக்கும் விலை கூடியது சுமார் 2.6%, ஏனென்றால் 1,000 ரூபாப் பொருள் 1,150 இலிருந்து 1,180 ஆனது. கேள்வி வீதத்தைப் பற்றியதா, வரித்தொகையைப் பற்றியதா, விலையைப் பற்றியதா என்று பிரித்து வாசியுங்கள்.

பணவீக்கத்திலும் இதே மயக்கம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8%, ஒரு வருடம் கழித்து 1.3%. விலை குறைந்துவிட்டதா? 100 ரூபாச் சாமான் முதலில் 169.80 ஆகி, பிறகு × 1.013 ஆல் சுமார் 172 ஆனது. கூடும் வேகம்தான் குறைந்தது. 2024 செப்டெம்பரில் −0.5% என்று வந்தபோதுதான் உண்மையில் இறங்கியது, அதுவும் 172 இலிருந்து 171 அளவுக்கு.

உதவி கேட்கப் போகுமுன்

‘சதவீதம் விளங்கவில்லை’ என்று சொன்னால் ஆசிரியர் பாடத்தை முதலிலிருந்து திரும்பச் சொல்லுவார், பிள்ளை தலையாட்டும், வீட்டுக்கு வந்தால் அதே இடத்தில் நிற்கும். கேள்வி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்ல உதவி கிடைக்கும்.

மூன்று பொருள் கொண்டுபோங்கள். ஒன்று, வினா முழுவதுமாக, ஒரு சொல்லும் விடாமல் எழுதியது. உருபு ஒன்று விடுபட்டாலும் கணக்கு மாறிவிடும் என்று மேலே பார்த்தோம். இரண்டு, நீங்கள் செய்த வேலை, பிழையான வரியை அழிக்காமல். ரப்பரால் அழித்த கொப்பியை வைத்து எந்த ஆசிரியராலும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்று, எந்த வரிவரை நிச்சயம், எந்த வரியில் சந்தேகம் என்று ஒரே வசனம். இப்படி: ‘சேர், 85% = 3,570 வரைக்கும் விளங்குது. ஏன் 3,570 இன்ர 15% ஐக் கூட்டக் கூடாது எண்டுதான் விளங்கேல்ல.’ அல்லது: ‘ரீச்சர், இந்தக் கணக்கில 40% உம் 15% உம் வேற வேற விலையின்ர சதவீதமா? எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது?’ இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை. பாடம் முடிந்து ஆசிரியர் வெளியே போகும் நேரத்தில்கூடக் கேட்கலாம்.

பாடசாலை ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். உங்கள் கொப்பியைத் திருத்துபவர் அவர்தான், எந்த வரிக்கு எத்தனை புள்ளி என்பதும் அவருக்குத் தெரியும். அடுத்து, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல். தமிழ்மொழி மூலப் பாடநூல்களை அதன் இணையத்தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். தரம் 9 இல் இலாபம், நட்டம், கழிவு, தரகு, தரம் 10 இல் வரிகளும் எளிய வட்டியும், தரம் 11 இல் கூட்டு வட்டி என்று சதவீதம் படிப்படியாக ஏறுகிறது. இப்போது இருக்கும் வகுப்பில் தடுக்கினால் ஒரு தரம் கீழே இறங்கி அந்த அத்தியாயத்தின் செய்துகாட்டிய கணக்குகளை, விடையை மூடிவைத்துச் செய்யுங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழில் பாடங்கள் உண்டு. வீட்டில் இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்கு விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகிலுள்ள கொழும்பு பொது நூலகமும், வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கின்றன.

ரியூஷன் என்றால், பெரிய மண்டப வகுப்பு வினாத்தாள் பயிற்சிக்கு நல்லது. ஒரு பிள்ளையின் தனிப்பட்ட பிழையைக் கண்டுபிடிக்க அது ஏற்ற இடமில்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தனி வகுப்புத் தேடும் பெற்றோர் முதல் நாளில் ஒன்றைக் கவனியுங்கள்: ஆசிரியர் பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்க்கிறாரா, அல்லது நேரே பலகைக்குப் போய்விடுகிறாரா? கொப்பியைப் பார்ப்பவரிடம் விடுங்கள். இந்தப் பாடம் மட்டும்தான் தடங்கல் என்றால் நாலைந்து வகுப்பில் சரிசெய்யக்கூடியது. வருடக் கணக்கில் கட்டணம் கட்டத் தேவையில்லை.

கணக்கைப் படமெடுத்தால் விடை தரும் செயலிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. விடை வாங்கிக் கொப்பியில் இறக்கினால் அந்தக் கணக்கு போய்விட்டது, திரும்பச் செய்து கற்க முடியாது. உங்கள் வேலையைத் தட்டச்சு செய்து, ‘விடை வேண்டாம், எந்த வரியில் பிழை என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் ‘ஆல்’, ‘ஆக’ இரண்டையும் இயந்திரம் மாற்றி எடுத்துவிடலாம். ஆகவே வந்த விடையை வினாவில் திருப்பிப் போட்டுச் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

உதவி கிடைத்த அன்றே அந்தக் கணக்கை மூடிவைத்துத் தனியே ஒருமுறை செய்யுங்கள். மூன்று நாள் கழித்து எண்களை மாற்றி மறுபடி: 15% க்குப் பதில் 12%, 3,570 க்குப் பதில் 3,960. விடை 4,500 வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கத்தை அழிக்காமல் அப்படியே, பிழைத்த வரியில் திகதி போட்டு, அதே ஆசிரியரிடம் திருப்பிக் கொண்டுபோங்கள்.